கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? உங்கள் தகவலையும் பார்த்துக் கொடுங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமை யாழ்ப்பாண பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. பிறப்புச் சான்றிதழ் 6 கொப்பி, ஐசி (அடையாள அட்டை) இரண்டு பக்கமும் 6 கொப்பி, பெறுபேற்றுத் தாள் 6 கொப்பி, விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடக் கடிதம் 6 கொப்பி. சில நாட்களில் அவை ஆறு வாசல்களில் போய்ச் சேர்ந்துவிடும். மூன்று மாதம் கழித்து எது எங்கே கிடக்கிறது என்று கேட்டால் கொடுத்த பிள்ளைக்கே நினைவிருக்காது.

நான் 11 வருடம் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தின் அனுமதிப் பிரிவில் வேலை செய்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கொப்பிகளை வாங்கி அடுக்கியவள். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். அங்கே வாய்மொழியாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடத்தையும் சொல்வோம். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் பள்ளிக்கூடம் முடித்தபின் சேரும் இடங்களைக் குறிக்கிறது: பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம், தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி, தனியார் நிறுவனங்கள்.

படி 1: வாசலைப் பாருங்கள்

படிவத்தை வாங்குவதற்கு முன் அந்த நிறுவனம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். தொழிற்கல்விப் பாடநெறி நடத்தும் தனியார் நிறுவனங்கள் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேளுங்கள், ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டம் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் அந்தப் பட்டத்தை வழங்குவது யார், அவர்களுக்கு இலங்கையில் என்ன அங்கீகாரம் என்று கேளுங்கள். பதிவு இருந்தால், ஏதும் பிழைத்தால் முறையிட ஓர் இடம் இருக்கும். பதிவே இல்லாத ஒரு கூடம் நாளை பூட்டிக்கொண்டு போனால் உங்கள் ஐசி கொப்பியை யாரிடம் போய்க் கேட்பது?

கல்விக் கண்காட்சிகளில் இன்னும் கவனம் வேண்டும். பேனை ஒன்றும் பை ஒன்றும் தந்து, "பேரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதுங்கோ" என்பார்கள். அந்தத் தாள் விண்ணப்பம் அல்ல, ஆள் பிடிக்கும் பட்டியல். விபரம் வேண்டுமென்றால் அவர்களின் துண்டுப்பிரசுரத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள், விருப்பமிருந்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

படி 2: உங்கள் தாள்கள் உங்களைப் பற்றி என்ன சொல்கின்றன

பிள்ளைகள் அநேகமாக அறியாத பகுதி இது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைக்காதீர்கள். 12 இலக்கம் கொண்ட புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே ஒரு எண் 2006561 என்று தொடங்கினால், அது 2006 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்பிள்ளையுடையது என்று யாரும் சொல்லிவிடலாம். பலர் தங்கள் கடவுச்சொல்லைப் பிறந்த திகதியிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் அதைவிடப் பேசும். பழைய படிவத்தில் தாய் தந்தையின் இனம், அவர்கள் விவாகம் செய்தவர்களா என்ற கூடு, பாட்டனாரின் விபரம் எல்லாம் இருக்கும். உங்கள் வயதை உறுதிப்படுத்தக் கேட்ட ஒரு தாளில் உங்கள் குடும்பத்தின் கதையே போகிறது. வயதுக்கு ஐசி போதுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் போதும் என்றுதான் சொல்வார்கள். கேட்காததால்தான் இரண்டையும் கொடுக்கிறோம்.

பரீட்சைச் சுட்டெண் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் பெறுபேற்றை எவரும் பார்க்கலாம். பெயர், பாடங்களின் தரம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எல்லாம் வரும். முகநூலில் பெறுபேற்றைப் போடும் பிள்ளைகள் சுட்டெண் தெரியும்படி போடுவதைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும்.

விலாசத்தையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். எங்கள் ஊரில் குறிச்சியின் பெயரையும் கோயிலின் பெயரையும் கேட்டு ஆளை எடைபோடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நேர்முகப் பரீட்சையில் "நீங்கள் அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வந்தால், தெருவின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். பாடநெறிக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. கேட்டவருக்கும் அது தெரியும்.

படி 3: ஒவ்வொரு கூட்டுக்கும் "ஏன்" என்று கேளுங்கள்

நியாயமான கேள்விகள் பல இருக்கின்றன. அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மாவட்டத்தை நிறுவும் சான்றுகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளின் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எந்த மாவட்டம் என்பது தெரியாமல் உங்கள் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியை, பார்க்க முடியாது. அங்கே விலாசமும் பாடசாலையும் அவசியம், மறைக்கவும் கூடாது.

ஆனால் ஆறு மாதக் கணினிப் பாடநெறிக்குத் தந்தையின் மாதச் சம்பளம் எதற்கு? சமயம் எதற்கு? வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பெயரும் நாடும் எதற்கு? இந்தக் கடைசிக் கூட்டை நான் பல படிவங்களில் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது கட்டணம் கட்டும் வசதி இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க. அப்படிப்பட்ட கூட்டில் ஒரு சிறு கோடு போட்டு விடுங்கள். மேசையில் கேட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அக்கா, இது அனுமதிக்குக் கட்டாயமா? கட்டாயமென்றால் எழுதுறன்." நான் இருந்த காலத்தில் அப்படிக் கேட்ட பிள்ளைகளில் ஒருவரைக்கூட அதற்காகத் திருப்பி அனுப்பியதில்லை.

தந்தையின் பெயர், தொழில் என்ற கூடு எங்கள் மண்ணில் தனிக் கதை. தந்தை காணாமற்போன பிள்ளைகள் அந்தக் கூட்டின் முன் பேனையோடு உறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசையில் பத்துப் பேர் நிற்க, எழுதுவினைஞர் சத்தமாக "அப்பா இருக்கிறாரா இல்லையா? மரணச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்பார். அந்தப் பிள்ளையும் தாயும் நிற்கிற நிலையை விவரிக்க எனக்கு இன்றும் வார்த்தை வராது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காகக் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அது உங்களிடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், அனுமதிப் பிரிவுக்குத் தேவைப்படுவது பாதுகாவலர் யார், யாரோடு தொடர்பு கொள்வது என்பவை மட்டுமே. "பாதுகாவலர்: தாய்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். மேலும் கேட்டால், "தனியாகச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். தனி அறையில் பேசக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்வியை வாயால் கேட்காதீர்கள். தாளில் சுட்டிக் காட்டுங்கள்.

படி 4: கொடுக்கும் முறை

கொப்பியின் குறுக்கே எழுதுங்கள். வெள்ளை ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். எழுத்துகளின் மேலேயே, நீல நிறப் பேனையால், "இன்ன நிறுவனத்தின் அனுமதிக்கு மட்டும்" என்றும் திகதியும் எழுதிக் கையொப்பம் இடுங்கள். இலக்கம் வாசிக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கொப்பியை வைத்து வேறொருவர் சிம் எடுக்கவோ கடன் வாங்கவோ முயன்றால் அந்த எழுத்து இடைஞ்சலாக இருக்கும். கடையில் கொப்பி எடுக்கும்போது பிழைத்துப்போன தாளையும் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவில் இருந்து அச்செடுத்தால், கடைக் கணினியில் இறக்கிய கோப்பு அழிந்ததா என்று நின்று பாருங்கள்.

மூலப் பிரதியைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. "ஒரிஜினலை வைச்சிட்டுப் போங்கோ, நாளைக்கு வந்து எடுக்கலாம்" என்பார்கள். நாளை வரும்போது அவர் லீவில் நிற்பார். இடம்பெயர்வுகளில் பெட்டியோடு சான்றிதழ்களைத் தொலைத்து, பிறகு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) பிரதேச செயலகத்துக்குமாக அலைந்த தலைமுறை எங்கள் வீடுகளில் இருக்கிறது. ஒரு மூலப் பிரதியின் பெறுமதியை அம்மம்மாவிடம் கேளுங்கள். எந்த நிறுவனமாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றால், எந்தத் தாள், எத்தனை, எப்போது திருப்பித் தரப்படும் என்று கடிதத் தலைப்பில் எழுதி முத்திரை வைத்த பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், அந்த இலக்கம் அலுவலகத்தினுடையதா ஊழியரின் சொந்தப் போனா என்று கேளுங்கள். சொந்தப் போன் என்றால் உங்கள் ஐசி அவருடைய படத்தொகுப்பில், பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, அவர் அந்த வேலையை விட்டுப் போன பிறகும் கிடக்கும். நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். கூகுள் படிவம் என்றால், இணைப்பு நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இருந்து வந்ததா என்று பாருங்கள். யாரோ ஒரு குழுவில் பகிர்ந்த இணைப்பில் ஐசி படத்தை ஏற்றாதீர்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் இருந்த போன் இலக்கத்துக்கு இரவில் செய்தி வரத் தொடங்கிய சம்பவங்களை நான் அறிவேன். படமும் பெயரும் இலக்கமும் ஒரே தாளில் இருப்பதன் விளைவு அது. தாயின் அல்லது தந்தையின் இலக்கத்தைக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. செய்தி வந்தால் அழிக்காதீர்கள். திகதியோடு படம் பிடித்து, நிறுவனத்தின் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்களில் பிழை ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் முகவர்களிடம் மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் செய்யுங்கள். அவர்கள் கடவுச்சீட்டும் வங்கிக் கூற்றும் கேட்பார்கள். கனடாவில் இருந்து காசு அனுப்பும் அண்ணாவின் கணக்கு விபரமும் அதோடு போகும், அவரிடமும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிரித்தானியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலின் பிரதியை நேரடியாக அவர்களிடமே கேட்கலாம். அங்குள்ள சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றித் தர வேண்டும். முகவர் உங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பினார் என்பதும் அதில் தெரியவரும்.

படி 5: உள்ளே படிவம் போகும் பாதை

கொடுத்த படிவம் முதலில் எழுதுவினைஞரின் மேசையில். அவர் விபரங்களை எக்செல் தாளில் ஏற்றுவார். அந்தத் தாள் இணைப்பாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் நேர்முகக் குழுவுக்கும் மின்னஞ்சலில் போகும். ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒரு பிரதியை இறக்குவார்கள். நேர்முக நாளில் அச்சிட்ட பட்டியல்கள் மேசையில் கிடக்கும், மாலையில் குப்பைக்கூடையில் கிடக்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அறிவித்தல் பலகை. தெரிவானோர் பட்டியலைப் பெயர், ஐசி இலக்கம், விலாசத்தோடு ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை யாரும் போனில் படம் பிடிக்கலாம். விண்ணப்ப இலக்கத்தை மட்டும் போட்டாலே போதும். அப்படி ஒட்டியிருந்தால் பதிவாளரிடம் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வருடம் ஒரு தாய் வந்து சொன்ன பிறகுதான் மாற்றினோம். அதுவரை எங்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை.

படி 6: தெரிவாகாவிட்டால்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

தெரிவான பிள்ளையின் கோவையை நிறுவனம் ஓரளவு கவனிக்கும். பரீட்சைக்கும் சான்றிதழுக்கும் அது வேண்டும். தெரிவாகாத பிள்ளையின் கோவையைத் தேடுவார் இல்லை. நூறு பேர் விண்ணப்பித்து முப்பது பேர் தெரிவானால், மிச்சம் எழுபது பேரின் ஐசியும் படமும் பிறப்புச் சான்றிதழும் பெட்டியில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போகும். அடுத்த வருடம் இன்னொரு பெட்டி. இடம் போதாமல் போனதும் பழைய கடதாசிக் காரர் வருவார்.

ஒரு நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்கினேன். சுருளை விரித்தபோது உள்ளே ஒரு விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கம். பாதுகாவலரின் பெயர், தொழில், போன் இலக்கம், கீழே ஒரு தாயின் கையொப்பம். எந்த நிறுவனத்தினது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. எங்களுடையதாகவும் இருந்திருக்கலாம். நாங்களும் அந்த வருடம் கிலோக் கணக்கில் விற்றிருந்தோம். கச்சானை முந்தானையில் கொட்டிவிட்டு அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். திங்கட்கிழமை களஞ்சிய அறையைத் திறந்து எண்ணினேன். ஏழு வருடத்துப் பெட்டிகள் இருந்தன.

ஆகவே தெரிவாகவில்லை என்று தெரிந்த அன்றே, அழுகை முடிந்ததும், ஒரு வேலை செய்யுங்கள். நேரில் போய் உங்கள் கொப்பிகளைத் திருப்பிக் கேளுங்கள். மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் அது நியாயம். அந்தத் திகதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு மறுபடி போங்கள். அரச நிறுவனங்கள் ஆவணங்களை நினைத்தபடி அழிக்க முடியாது, அவற்றுக்குத் தேசிய சுவடிகள் பற்றிய சட்டம் உண்டு. அங்கே, எவ்வளவு காலம், எந்த அறையில், யார் பொறுப்பில் என்று கேட்டு வையுங்கள். தனியார் இடத்தில் திருப்பித் தர மறுத்தால், கிழித்தோ இயந்திரத்தில் நறுக்கியோ அழித்ததாக எழுத்தில் கேளுங்கள். கணினியில் இருக்கும் பிரதியையும் சேர்த்து எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

படி 7: சட்டம் எங்கே துணை நிற்கிறது

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும், பிழையைத் திருத்தவும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், குறித்த சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. இனம், சமயம், உடல்நலம் போன்றவற்றையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட வகையாகக் கருதி அதிக கவனம் கோருகிறது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடம் உண்டு. இந்தச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023இல் தொடங்கியது. 2025 மார்ச் 18இல் தொடங்கவிருந்த பகுதிகள் பிற்போடப்பட்டன. ஆகவே சட்டத்தைத் தூக்கிக்காட்டி மேசையில் சண்டை பிடிக்க வேண்டாம். சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினாலே நிறுவனங்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன்.

கையில் உடனே எடுக்கக்கூடிய கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச நிறுவனங்கள் மட்டுமல்ல, சட்டப்படி அங்கீகாரமோ அனுமதியோ பெற்று நடக்கும் தனியார் கல்வி, தொழிற்கல்வி நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. அங்குள்ள தகவல் அலுவலரிடம், "தெரிவாகாதோரின் விண்ணப்பங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், எப்படி அழிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளின் விபரத்தை அந்த வழியால் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

கடிதம் எழுதத் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு, சனசமூக நிலையத்தில் நான் எழுதிக் கொடுப்பது இதுதான்:

"பதிவாளர் அவர்களுக்கு,

இன்ன திகதியில் இன்ன பாடநெறிக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்ப இலக்கம் இது. நான் தெரிவாகவில்லை. நான் ஒப்படைத்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள் ஆகியவற்றின் பிரதிகளையும் எனது புகைப்படத்தையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணினியிலும் ஊழியர்களின் கைபேசிகளிலும் உள்ள பிரதிகளை அழித்து, அழித்த திகதியை எழுத்தில் அறியத் தரவும். ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டியிருந்தால், அது எது, ஏன், எப்போது வரை என்பதைக் குறிப்பிடவும்.

இப்படிக்கு,"

பெயர், கையொப்பம், திகதி. ஐசி இலக்கத்தை எழுத வேண்டாம், விண்ணப்ப இலக்கமே போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு குத்தி வையுங்கள்.